கதிரையும் உடலும்: எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே ஒதுங்கியிருக்கும் எங்கள் தச்சுப்பட்டறைக்குக் கதவு நிலை, யன்னல், கட்டில் என்று கேட்டு வருபவர்களே அதிகம். கதிரை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் நாரி நோவோடு வருகிறார்கள். தையல் தைப்பவர்கள், ஆசிரியர்கள், அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருப்பவர்கள், உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள், வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்யும் இளையவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். நாரி நோவோடு கால் விறைப்போ, காலில் பலக்குறைவோ, சிறுநீர் கழிப்பதில் தடையோ சேர்ந்து வருமானால் அதற்குக் கதிரை மருந்தாகாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

“எர்கோனொமிக் கதிரை” என்று கடைகளில் எழுதி விற்கிறார்களே, அது என்ன?

வேலையையும் வேலைக் கருவியையும் மனித உடலின் அளவுக்கும் இயல்புக்கும் ஏற்ப அமைக்கும் அறிவுத்துறைக்கு அந்தப் பெயர். 1857இல் போலந்து அறிஞர் வொய்சியெக் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி, வேலை, விதி என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உருவாக்கினார். ஆகவே அது ஒரு துறையின் பெயரே தவிர, ஒரு வகைக் கதிரையின் பெயரன்று. கறுப்பு வலையும் சில்லும் வைத்த கதிரை ஒருவருக்குப் பொருந்தாமல் போகலாம். அவருடைய அளவுக்குச் செய்த நான்கு கால் மரக்கதிரை பொருந்தலாம். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு அளவுநாடாவைப் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

வயலில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவருக்கு வராத நாரி நோ, கதிரையில் இருப்பவருக்கு ஏன் வருகிறது?

வயலில் வேலை செய்பவருக்கும் வருகிறது. அவர் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் கேள்வியின் அடியில் உள்ள ஐயம் சரியானது.

நிற்கும்போது முள்ளந்தண்டு நாரிப் பகுதியில் முன்னோக்கி வளைந்திருக்கும். நாம் அமரத் தொடங்கியதும் தொடை மேலே மடிகிறது. தொடையின் பின்புறத் தசைகள் இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னோக்கிச் சுழற்றுகின்றன. இடுப்பெலும்பின் மேலேதான் முள்ளந்தண்டு நிற்கிறது என்பதால், அடி சுழன்றதும் நாரியின் வளைவு தட்டையாகிறது. இன்னும் கூனினால் எதிர்ப்புறமாகவே வளைந்துவிடுகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் முன்பக்கம் நசுங்க, பின்பக்கத் தசைநார்கள் இழுபட்ட நிலையிலேயே நிற்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு அதில் தீங்கில்லை. மூன்று மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு எழும்பும்போது நாரியைக் கையால் பிடித்துக்கொண்டு எழும்ப வேண்டியிருக்கிறது.

இதை மற்றவர்கள் ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த பெங்ட் ஓக்கர்புளோம் 1948இல் வெளியிட்ட ஆய்வில், கதிரையின் முதுகு நாரியைத் தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்க வைத்தியர் கீகன் 1953இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 135 பாகையாக இருக்கும்போதே நாரி தன் இயல்பான வளைவுக்குக் கிட்டவாக இருக்கிறது என்று காட்டினார். “நேராக, 90 பாகையில் இரு” என்று நமக்குப் பாடசாலையில் சொன்னது அந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பின்னர் சுவீடனைச் சேர்ந்த நாகெம்சன், உயிருள்ள மனிதரின் முள்ளந்தண்டுத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, சாய்வில்லாமல் இருக்கும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்றார். ஆனால் 1999இல் ஜேர்மனியில் ஒரே ஒருவரிடம் செய்த அளவீட்டில், தளர்வாக இருக்கும்போது அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை என்று வந்தது. எனவே “இருப்பது நஞ்சு” என்று பயமுறுத்துபவர்களை நாங்கள் நம்புவதில்லை. ஒரே நிலையில் தாங்கலில்லாமல் நெடுநேரம் இருப்பதே தொந்தரவு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

கதிரையின் எந்த அளவை முதலில் பார்க்க வேண்டும்?

உயரத்தை. மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம்.

கூட்டுறவுக் கடை ஒன்றில் கணக்கெழுதும் அம்மா ஒருவர் தன் மரக்கதிரையை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாரிக்கு ஒரு மெத்தை வைத்துத் தர வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தபோது, முன்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் வார்னிஷ் இரண்டு இடங்களில், ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் அகலத்துக்கு, மரம் தெரியத் தேய்ந்திருந்தது. கால் நிலத்தில் எட்டாததால் அவர் ஆண்டுக்கணக்காகப் பாதங்களை அந்தச் சட்டத்தில் ஊன்றியே எழுதியிருக்கிறார். “தம்பி, பின்னேரமானால் செருப்புக்குள்ளை கால் கொள்ளுதில்லை” என்றார். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்த, இரத்தம் கீழே தேங்கிக் கால் வீங்கியிருக்கிறது. அந்த அழுத்தத்திலிருந்து தப்ப அவர் முன்னே நகர்ந்து விளிம்பில் இருந்திருக்கிறார். முன்னே நகர்ந்ததால் முதுகுச் சாய்வு அவருக்கு எட்டவேயில்லை. நாரி நோவுக்குக் காரணம் நாரிக்குப் பின்னால் இல்லை, காலுக்குக் கீழே இருந்தது.

அளக்கும் முறை எளிது. வேலையின்போது போடும் செருப்போடு, தொடை கிடையாக இருக்கும்படி ஒரு வாங்கில் அமருங்கள். முழங்காலின் பின்புற மடிப்பிலிருந்து நிலம் வரை வேறொருவர் அளக்கட்டும். இருக்கையின் முன்விளிம்பு அந்த அளவுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். அளக்க ஆளில்லாவிட்டால் உங்கள் மொத்த உயரத்தை நான்கால் வகுத்துச் செருப்பின் தடிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், தோராயமாகப் பொருந்தும். 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு 37, 38 சென்ரிமீற்றர், செருப்போடு 40க்குள் வரும். கடையில் வாங்கும் கதிரைகள், பிளாஸ்டிக்கானாலும் மரமானாலும், பெரும்பாலும் 43 முதல் 45 வரை இருக்கும். மீள்குடியேறிய காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பிளாஸ்டிக் கதிரைகளில் இன்றும் நம் அம்மாமார் நுனியில் இருப்பதையும், ஒரு காலை மடித்துப் போட்டு இருப்பதையும் பார்க்கிறோம். அது பழக்கமன்று, 5 சென்ரிமீற்றர்.

அப்படியானால் கதிரைக் காலை வெட்டிவிடலாமா?

மேசையைப் பார்க்காமல் வெட்டக் கூடாது. எழுதும்போது மேசையின் மேற்பரப்பு உங்கள் முழங்கையின் மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். வழக்கமான மேசை 75 சென்ரிமீற்றர். 40 சென்ரிமீற்றர் இருக்கையில் இருக்கும் குள்ளமான ஒருவரின் முழங்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 60, 62இல்தான் நிற்கும். கதிரையை மட்டும் குறைத்தால் காலின் நோ போய்த் தோளில் ஏறும். மேலே சொன்ன அம்மாவின் மேசை கடையின் கவுண்டரோடு சேர்த்து அடித்தது. அதை அசைக்க முடியாது. ஆகையால் அவருடைய கதிரையை வெட்டாமல், 9 சென்ரிமீற்றர் உயரத்தில், இரண்டு பாதமும் தாராளமாக நகரக்கூடிய அகலத்தில், முன்பக்கம் சற்றுச் சரிந்த கால்மணை ஒன்று செய்து கொடுத்தோம். செலவு மெத்தையைவிடக் குறைவு.

மேசையையும் குறைக்கலாம் என்றால், அல்லது மேசையே தேவையில்லாத கதிரை என்றால், வெட்டலாம். பின்கால்கள் சரிந்து நிற்பதால் நான்கிலும் ஒரே நீளம் அளந்து குறுக்கே அறுத்தால் கதிரை ஆடும். சமமான சீமெந்துத் தரையில் கதிரையை நிறுத்தி, ஆட்டமிருந்தால் ஆப்பு வைத்து மட்டமாக்கி, வெட்ட வேண்டிய தடிப்புள்ள ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அந்தத் துண்டைத் தரையோடு தேய்த்தபடி நான்கு கால்களையும் சுற்றிக் கோடிட வேண்டும். அந்தக் கோட்டில் அறுத்தால் சரிவு தானாகவே வந்துவிடும். பிளாஸ்டிக் கதிரையின் காலை ஒருபோதும் அறுக்காதீர்கள். அதன் பலமே அடிவரை விரிந்து செல்லும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

இருக்கையின் ஆழமும் அகலமும் எவ்வளவு இருக்க வேண்டும்?

முதுகு சாய்வோடு ஒட்டும்படி முழுதாகப் பின்னே போய் அமர்ந்த பிறகு, இருக்கையின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் மூன்று விரல் நுழைய இடமிருக்க வேண்டும். நம் பெண்கள் பலருக்கு 38 முதல் 40 சென்ரிமீற்றர் ஆழம் போதும். ஆழம் கூடினால் உயரம் கூடியதற்கு நேர்ந்ததே இங்கும் நேரும்: முன்விளிம்பு கெண்டைக்காலில் முட்டும், ஆள் முன்னே சறுக்குவார், சாய்வு பயனற்றுப் போகும். வரவேற்பறைக்கென்று பெருமையாக வாங்கும் செற்றிகளின் ஆழம் 55க்கும் மேலே இருப்பதுண்டு. முதியவர்கள் அதில் இருந்தால் எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்; 45 சென்ரிமீற்றர் எல்லோருக்கும் ஏறத்தாழச் சரிவரும். முன்விளிம்பை எப்போதும் உருட்டியே இழைக்க வேண்டும். கூரான விளிம்புள்ள கதிரை முடிக்கப்படாத கதிரை.

முதுகுச் சாய்வு எப்படி அமைய வேண்டும்?

எங்கள் முதல் தவறு இங்கேதான் நடந்தது. நாரிக்குத் தாங்கல் வேண்டும் என்று படித்துவிட்டு, குறுக்குப் பலகை ஒன்றை நன்றாக வளைத்துச் செதுக்கி, இருக்கையிலிருந்து 28 சென்ரிமீற்றர் உயரத்தில் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. வாங்கிப் போன ஆசிரியர் இரண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். பலகை அவருடைய நாரியைத் தாங்காமல் விலாவின் கீழ்ப்பகுதியை முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. நாரி வளைவின் ஆழமான இடம் நாம் நினைப்பதைவிடக் கீழேயே இருக்கிறது: மெத்தை அமுங்கிய நிலையில் இருக்கையிலிருந்து ஏறத்தாழ 17 முதல் 23 சென்ரிமீற்றருக்குள், பெரும்பாலோருக்குக் காற்சட்டைப் பட்டி கட்டும் இடத்துக்குக் கிட்டவாக. தாங்கலின் புடைப்பு 2, 3 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டியதில்லை.

அந்தப் பலகைக்குக் கீழே 12 முதல் 15 சென்ரிமீற்றர் வெறுமையாக விடுவதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். இருக்கையிலிருந்தே நேராக எழும் பலகைச் சாய்வு பிட்டத்தை முன்னே தள்ளிவிடும். பிட்டம் பின்னே புக இடமிருந்தால் மட்டுமே நாரி போய்த் தாங்கலில் சேரும்.

சாய்வின் கோணம் வேலையைப் பொறுத்தது. எழுதவும் தட்டச்சுச் செய்யவும் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையில் 100 முதல் 105 பாகை, வாசிக்கவும் தொலைபேசியில் கதைக்கவும் 110 அல்லது அதற்கு மேல். முதுகை மட்டும் சரித்து இருக்கையை மட்டமாக விட்டால் ஆள் மெல்ல மெல்ல முன்னே சறுக்குவார்; அதனால் ஓய்வுக் கதிரையின் இருக்கையையும் பின்பக்கமாக 3 முதல் 5 பாகை தாழ்த்துகிறோம்.

தலைதாங்கி கேட்பவர்களிடம் நாங்கள் கேட்கும் ஒரே கேள்வி, “கொண்டை போடுவீர்களா?” என்பது. கொண்டை போடுபவருக்கு உயர்ந்த தலைதாங்கி, தலையை நாள் முழுக்க முன்னே குனிய வைக்கும் கருவியாகிவிடும்.

அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை உடலுக்கு நல்லதா?

ஓய்வுக்கு அதைவிட நல்ல கதிரையை நான் இன்னும் செய்யவில்லை. முதுகு நன்றாகச் சரிந்திருப்பதால் உடலின் பாரத்தில் ஒரு பங்கை முதுகே தாங்கிக்கொள்கிறது. தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் விரிகிறது. நீண்ட கைப்பலகையில் காலைத் தூக்கிப் போட்டால் வீக்கமும் வற்றும். ஆனால் அதில் இருந்தபடி மடிக்கணினியைத் தொடையில் வைத்து வேலை செய்தால் கழுத்து மடிந்து நாடி நெஞ்சில் முட்டும். படுக்கும் கதிரையில் வேலை செய்வது கதிரையின் குற்றமன்று. துணி கட்டியதைவிடப் பிரம்பு பின்னியதே நல்லது. துணி நாளடைவில் தொய்ந்து, உடலை வில்லாக வளைத்துவிடும்.

மெத்தை எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

அமரும்போது உடலின் பாரத்தில் பெரும்பங்கு, பிட்டத்துக்குள் இருக்கும் இரு எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. கையைக் கீழே வைத்து அதன்மேல் அமர்ந்தால் அவை குத்துவதை நீங்களே உணரலாம். மெத்தையின் வேலை அந்த இரு முனைகளையும் சுற்றிப் பாரத்தைப் பரப்பிவிடுவது. தடித்த, ஆனால் மலிவான மென்பஞ்சு அதைச் செய்வதில்லை. எலும்பு அதைத் துளைத்துக்கொண்டு பலகையில் போய் முட்டும், மீதிப் பஞ்சு தொடையை இருபுறமும் நெருக்கும். கையால் அமுக்கிப் பார்க்காமல், அதன்மேல் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். அடியில் பலகை தெரிந்தால் அது வேண்டாம். அடர்த்தியான பஞ்சு 4, 5 சென்ரிமீற்றர் போதும். இருக்கைப் பலகையையே பிட்டத்தின் வடிவத்துக்கு ஆழமில்லாமல் குடைந்துவிட்டால் பலருக்குப் பஞ்சே தேவைப்படுவதில்லை.

வன்னிக்கு இன்னொரு கணக்கும் உண்டு: வெயில். ஆவணி மாதத்துப் பகலில் றெக்சின் போட்ட மெத்தையில் ஒரு மணித்தியாலம் இருந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. வியர்வை போக வழியில்லாத தோல் ஊறிப் புண்படவும் கூடும். 1994இல் அமெரிக்காவில் பில் ஸ்டம்ப், டொன் சாட்விக் என்னும் இரு வடிவமைப்பாளர்கள் மெத்தையை அறவே நீக்கி, இழுத்துக் கட்டிய வலையில் ஆளை அமர்த்தும் “ஏரோன்” கதிரையைக் கொண்டுவந்தார்கள். அதை மூன்று அளவுகளில் செய்தார்கள் என்பதே எனக்குப் பெரிய பாடம். வலையைப் பொறுத்தவரை, எண்கோணக் கண் விழப் பின்னிய நம் பிரம்புக் கதிரை அதே வேலையைப் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறது: காற்று போகும், உடலுக்கேற்பச் சற்று நெகிழும், மீண்டும் இறுகும். பின்னத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பது வேறு துக்கம். பிரம்பு தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவிடுங்கள், ஓரளவு இறுகிக்கொள்ளும்.

நான் தையல் தைப்பவள். எனக்குச் சாய்வு எட்டுவதேயில்லை. என்ன செய்வது?

உங்கள் வேலை முன்னே குனிந்து செய்யும் வேலை. ஊசியைப் பார்க்க வேண்டும், துணியைத் தள்ள வேண்டும், கால் மிதிக்க வேண்டும். பின்னே சரிந்த இருக்கையில் இருந்துகொண்டு இவற்றைச் செய்தால் குனிவு முழுவதும் நாரியிலிருந்தே வந்தாக வேண்டும். டென்மார்க் அறுவைச் சிகிச்சை வைத்தியர் மண்டல் இதற்குச் சொன்ன வழி, இருக்கையையே முன்னோக்கிச் சரிப்பது. இருக்கை முன்னே சரியும்போது தொடை கீழிறங்குகிறது, இடுப்பெலும்பு முன்னே சுழல்கிறது, நாரி தன் வளைவை இழக்காமல் உடல் முழுவதுமாக முன்னே வருகிறது. அவருடைய கருத்து 1970களிலிருந்து பரவி, 1979இல் நோர்வேயில் முழந்தாளிட்டு அமரும் கதிரை வரை போனது. முழந்தாள் கதிரையை நான் தையலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மிதிக்கக் கால் மிஞ்சாது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய வழி ஒன்றுண்டு. கதிரையின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் 40 சென்ரிமீற்றர் என்றால், பின்கால்கள் இரண்டின் கீழும் மூன்றரை சென்ரிமீற்றர் கட்டை வைத்தால் 5 பாகை சரிவு கிடைக்கும். கட்டையில் கால் அமரக் குழி குடைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். ஒரு கிழமை தைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் பிறகு நிரந்தரமாகச் செய்யலாம். 10 பாகைக்கு மேல் போனால் முன்னே வழுக்குவதைத் தடுக்கக் கால்களை ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டி வரும். அது வேறொரு களைப்பு. இயந்திரத்தின் மேசையும் குறைவாக இருந்தால் எந்தச் சரிவும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உழவு இயந்திர இருக்கைக்கு மெத்தை போட்டுத் தருவீர்களா?

போட்டுத் தருவோம், ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பது கிடைக்காது. அங்கே பிரச்சினை குத்துவதன்று, குலுக்கல். அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுக்கு மற்றெந்த அதிர்வையும்விட அதிகமாக ஆடும். வரம்பிலும் கிரவல் வீதியிலும் ஓடும் இயந்திரம் கொடுக்கும் குலுக்கல் அந்தப் பக்கமாகத்தான் இருக்கிறது. சாதாரண பஞ்சு மெத்தை அந்த வேகத்தில் அதிர்வைக் குறைக்காமல் சிலவேளை கூட்டியும் விடும். வில்லும் அதிர்வுத்தணிப்பியும் சேர்ந்த இருக்கையே அதற்குத் தீர்வு. அவற்றை ஓட்டுபவரின் எடைக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். பலருடைய இயந்திரங்களில் அந்த வில் துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடக்கிறது. மெத்தைக்குச் செலவிடுமுன் அதைக் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரின் பெட்டிக்கு முன்னால் பலகை போட்டு இருப்பவர்களுக்கு, மெதுவாக ஓட்டுங்கள் என்பதைத் தவிர என்னிடம் நல்ல விடை இல்லை. கலப்பையைப் பார்க்க உடலை முறுக்கித் திரும்பியபடியே ஓட்டுவதும் குலுக்கலுக்கு நிகரான கேடு.

பாடசாலைக் கதிரைகளைப் பற்றி?

1729 என்னும் இலக்கமுடைய ஐரோப்பியத் தர நியமம் பாடசாலைக் கதிரைகளைப் பல அளவுகளாகப் பிரிக்கிறது. 119 முதல் 142 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 35 சென்ரிமீற்றர். 133 முதல் 159 வரை 38. 146 முதல் 176 வரை 43. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது வேண்டுமென்றே செய்தது. பிள்ளைகளின் காலும் உடலும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. ஓர் ஏழாம் வகுப்பில் இந்த மூன்று அளவுக்கும் உரிய பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வாங்கு என்றால் சிறியவரின் கால் தொங்கும், நெடியவரின் முழங்கால் மேசையில் இடிக்கும்.

புதிய தளபாடம் வாங்கப் பணமில்லாத இடத்திலும் சிலதைச் செய்யலாம். மேசையின் முன்கால்களுக்கு இடையில் கால் வைக்கக் குறுக்குச் சட்டம் அடிக்கலாம். ஆண்டு தொடங்கும்போது வகுப்புகளுக்கிடையே கதிரைகளை மாற்றி, கால் எட்டாதவர்களுக்குச் சிறியதையும் இடிபடுபவர்களுக்குப் பெரியதையும் கொடுக்கலாம். இதற்குத் தேவை ஒரு சனிக்கிழமையும் ஒரு அளவுநாடாவும்தான்.

சக்கர நாற்காலிக்கு மெத்தை செய்து தர முடியுமா?

வன்னியில் இந்தக் கேள்வி அரிதானதன்று. அதனால் இதற்கு மட்டும் நாங்கள் தயங்கியே விடை சொல்கிறோம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு மெத்தை சொகுசுப் பொருளன்று. நாம் நோ எடுத்ததும் அறியாமலேயே அசைந்து கொடுக்கிறோம். அவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. எலும்பு முனைக்கும் மெத்தைக்கும் இடையில் நசுங்கும் தசை, வெளியே சிவப்புத் தெரியுமுன்பே உள்ளே அழுகத் தொடங்கலாம். ஆகவே அவருடைய மெத்தையை இயன்மருத்துவர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். சொல்லப்படும் வடிவத்தில் அடிப்பலகை, கைதாங்கி, கால்மணை ஆகியவற்றைச் செய்து கொடுப்பதே எங்கள் பங்கு. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் நாற்காலியைக் கையளிப்பதோடு வேலை முடிவதில்லை, அளந்து பொருத்தவும் பயிற்சி கொடுக்கவும் பின்னர் பார்வையிடவும் வேண்டும் என்றே சொல்கிறது.

நடுவில் துளையுள்ள வளைய மெத்தையையோ, காற்றடித்த ரியூப்பையோ வைக்காதீர்கள். துளையைச் சுற்றியுள்ள தசை நெரிபட்டு, நடுவுக்கு வரும் இரத்தம் குறையும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னே நன்றாகக் குனிந்தோ பக்கத்துக்குச் சரிந்தோ பாரத்தை இறக்குவதும், நாள்தோறும் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்பதும் எந்த மெத்தைக்கும் மேலானவை.

எந்த மரத்தில் செய்வது?

தேக்கு. உளிக்கு இணங்கும், காலநிலைக்கு அதிகம் அசையாது. முதிரை அழகும் உறுதியும் உள்ளது, ஆனால் கதிரை கனக்கும். நாளுக்குப் பத்து முறை இழுக்க வேண்டிய கதிரை இலேசாக இருப்பதும் உடலுக்கு ஏற்ற வடிவமைப்பின் ஒரு பகுதியே. பாலை கதிரைக்கு வேண்டாம். எந்த மரமானாலும் அனுமதிப்பத்திரத்தோடு வந்த மரமாக இருக்க வேண்டும்.

மரத்தைவிட இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். மாரி மழையில் ஈரம் குடித்த மரத்தில் மார்கழியில் செய்த கதிரை, ஆனி, ஆடியில் கழுந்து (மூட்டுத் துளைக்குள் செருகும் முனை) சுருங்கி ஆடத் தொடங்கும். மற்றது பின்கால். முதுகு சரிவாக வர வேண்டும் என்பதால் பின்காலை வளைவாக அறுக்கிறோம்; வளைவு கூடினால் மரத்தின் நார் அந்த இடத்தில் காலுக்குக் குறுக்கே ஓடி, ஆள் பின்னே சாயும் ஒரு நாளில் முறிந்துவிடும். நார் வளைந்து போகும் பலகையைத் தேடி எடுத்து, காலை அதன் வழியே வரைய வேண்டும். முறிந்த கதிரைகள் எங்களிடம் வரும்போது பத்தில் பெரும்பாலானவை அதே இடத்தில், இருக்கைக்குச் சற்று மேலே முறிந்திருக்கும்.

சுழல் கதிரை வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

எவ்வளவு உயரம் ஏறும் என்று விற்பவர் சொல்வார். எவ்வளவு இறங்கும் என்று நீங்கள் கேளுங்கள். ஆகக் கீழே இறக்கியும் 44, 45 சென்ரிமீற்றரில் நிற்கும் கதிரைகள் நிறைய உண்டு. அடியில் ஐந்து கால் இருக்க வேண்டும்; நான்கு கால் சுழல் கதிரை கவிழக்கூடியது. சீமெந்து, ரைல்ஸ் தரைக்கு இறப்பர் சுற்றிய சில்லு வேண்டும். கடினமான பிளாஸ்டிக் சில்லு கம்பளத்துக்கு உரியது, நம் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கைதாங்கி மேசையில் முட்டினால் கதிரை உள்ளே போகாது, நீங்கள் குனிந்துதான் எழுதுவீர்கள். அப்படியானால் கைதாங்கியைக் கழற்றி வையுங்கள்.

சரியான கதிரையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்கலாம்?

அரை மணித்தியாலம். பிறகு எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கதிரைக்குள்ளும் அசையுங்கள்: பின்னே சாயுங்கள், முன்னே வாருங்கள், காலை நீட்டுங்கள். ஒரே நிலையில் பிடித்து வைக்கும் கதிரையை, அது எவ்வளவு “சரியான” நிலையாக இருந்தாலும், நாங்கள் செய்வதில்லை.

அளவெடுக்க வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

வேலை செய்யும்போது போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேசையின் உயரத்தையும், அதன் அடியில் முழங்காலுக்கு உள்ள இடைவெளியையும் அளந்து எழுதி வாருங்கள். கணினி வேலை என்றால் வழக்கமாக இருக்கும்படி இருந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்க வேறொருவரிடம் சொல்லி, அதையும் கொண்டுவாருங்கள். படம் எடுப்பது தெரியாமல் எடுத்தால் இன்னும் நல்லது, தெரிந்தால் எல்லோரும் நிமிர்ந்துவிடுகிறார்கள். முடியுமானால் பழைய கதிரையையும் ஏற்றி வாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அளவுநாடாவை எடுப்போம்.